யாருடைய கைவேலை? வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இத்தாலியர்களின் பங்கு

1. கேள்வி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு இத்தாலியக் கைவினை இரண்டு முறை வந்தது. 1268-ஐ ஒட்டி, உயர் பலிபீடத்துக்கு முன்னால் ரோமானியக் கைவினைஞர்கள் வண்ணக் கற்களைப் பதித்து ஒரு தளம் அமைத்தார்கள். 1511-க்குப் பிறகு ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த சிற்பி பியெத்ரோ டோரிஜியானோ, ஏழாம் ஹென்றியின் தேவாலயப் பகுதியில் டியூடர் குடும்பத்தாரின் கல்லறைகளை உருவாக்கினார். இரண்டு வருகைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 240 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் போயிருக்கிறார்கள். கலை இத்தாலியில் பிறந்து வடக்கே பரவியது, இங்கிலாந்து அதைத் தாமதமாகவும் அரைகுறையாகவும் பெற்றுக்கொண்டது என்பது ஒரு தடம். வசாரி 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய கலைஞர் வரலாறுகளில் இதன் வேர் இருக்கிறது. மறுமலர்ச்சி இங்கிலாந்தில் காலடி வைத்த இடம் என்று டோரிஜியானோவின் கல்லறைகளைச் சுட்டும் வழக்கம் இன்றுவரை அதைத் தொடர்கிறது. மற்றொரு தடம், அபேயின் கோதிக் கட்டடக்கலையை முதன்மையாகக் கொண்டு, இத்தாலிய வேலைகளைக் கட்டடத்தோடு ஒட்டாத தனி அலங்காரங்களாக ஒதுக்கி வைக்கிறது.

முடிவில் வேறுபட்டாலும் இரு தரப்பும் பார்ப்பது பாணியைத்தான். கல் எங்கிருந்து வந்தது, பணம் யார் கொடுத்தார்கள், ஒப்பந்தம் என்ன கோரியது, மாதிரியை வரைந்தது யார் என்று கேட்டால் வேறு சித்திரம் கிடைக்கிறது. அபேயின் இத்தாலிய வேலைகள் தொடக்கம் முதலே கூட்டு வேலைகள். அவற்றின் நிபந்தனைகளை வகுத்தது ஆங்கிலத் தரப்பு. அவற்றின் தனித்தன்மை பிறந்ததும் அந்த நிபந்தனைகளிலிருந்துதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. மடாதிபதியின் பயணம்

வெஸ்ட்மின்ஸ்டர் மடம் 1222 முதல் லண்டன் பிஷப்பின் அதிகாரத்துக்கு உட்படாமல் நேரடியாகப் போப்பின் கீழ் இருந்தது. இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. புதிதாகத் தேர்வாகும் மடாதிபதி, போப்பிடமே நேரில் சென்று ஒப்புதல் பெற வேண்டும். 1258-இல் தேர்வான ரிச்சர்ட் டி வேர் அப்படித்தான் இத்தாலி போனார். போப்பின் அவை அப்போது ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள அனாக்னியில் கூடிக்கொண்டிருந்தது. அங்குள்ள பேராலயத்தின் தளம் கோஸ்மா குடும்பத்தினரின் வேலை. வட்டங்களும் சதுரங்களும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிச் செல்லும் இந்த வகைப் பதிவேலை அந்தக் குடும்பத்தின் பெயராலேயே கோஸ்மாட்டி என்று வழங்குகிறது.

வேர் அங்கே தளத்தைப் பார்த்து மயங்கினார், அதையே லண்டனுக்குக் கொண்டுவந்தார் என்று கதை சொல்வது எளிது. ஆவணங்கள் இன்னும் கறாராகப் பேசுகின்றன. ரோமானிய அவையிலிருந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் பயனுக்காகக் கொண்டுவந்த தளத்துக்கென்று மடாதிபதிக்கு 50 பவுண்டு அளித்ததாக அரசுக் கணக்கு குறிப்பிடுகிறது. தளம் அரசரின் உடைமையாகவும் மடாதிபதியின் கொள்முதலாகவும் ஒருங்கே கருதப்பட்டது. வேர் தன் பங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தளத்தின் வட ஓரத்தில் அடக்கமான அவருடைய கல்லறை வாசகம், ரோமிலிருந்து தான் சுமந்து வந்த கற்களையே இப்போது அவர் சுமந்து கிடக்கிறார் என்ற பொருளில் அமைந்திருந்தது.

தளத்திலேயே பித்தளை எழுத்துகளில் ஒரு லத்தீன் வாசகம் பதித்திருந்தார்கள். இன்று சில எழுத்துகளே மிஞ்சியிருக்கின்றன. முழு வாசகத்தையும் 15-ஆம் நூற்றாண்டில் அபேயின் வரலாற்றை எழுதிய துறவி ஜான் ஃப்ளீட் போன்றோரின் பதிவுகளால் அறிகிறோம். ஆண்டை அது நேராகச் சொல்லாமல் 1212-உடன் 60-ஐக் கூட்டி 4-ஐக் கழிக்கச் சொல்கிறது, விடை 1268. இந்தக் கற்களை ஒன்றுசேர்த்தவர்கள் என்று அது நால்வரைப் பட்டியலிடுகிறது: மூன்றாம் ஹென்றி, ரோம் நகரம், ஒடோரிக்கஸ், மடாதிபதி. அதாவது, பணம் தந்தவர், கல் தந்த நகரம், கைவினைஞர், ஏற்பாடு செய்தவர். யாருடைய வேலை இது என்ற நம் கேள்விக்கு வேலையே எழுதி வைத்த பதில் இது. நான்கு பெயர்களும் ஒரே வினையின் எழுவாய்கள். பிற்காலம் ஒடோரிக்கஸை மட்டும் பிரித்தெடுத்து ஆசிரியர் ஆக்கியது. வாசகத்தை எழுதியவர்களுக்கு அப்படிப் பிரிக்கத் தோன்றவில்லை.

அதே வாசகம் உலகத்தின் ஆயுளையும் கணக்கிடுகிறது. வேலிக்கு மூன்று ஆண்டு. அதன்பின் நாய், குதிரை, மனிதன், மான், அண்டங்காக்கை, கழுகு, திமிங்கிலம், உலகம் என ஒவ்வொன்றுக்கும் முந்தையதைப் போல மும்மடங்கு. மூன்றின் ஒன்பதாம் அடுக்காக உலகத்தின் ஆயுள் 19,683 ஆண்டுகள் என்று கணக்கு முடிகிறது. நடுவிலுள்ள வட்டம் பேரண்டத்தின் முன்மாதிரியைக் காட்டுவதாகவும் வாசகம் சொல்கிறது. இத்தாலியில் மிஞ்சியுள்ள கோஸ்மாட்டித் தளங்களில் இப்படிப்பட்ட அண்டவியல் விளக்கத்தைப் பார்க்க முடிவதில்லை. வடிவம் ரோமிலிருந்து வந்தாலும் இப்படியொரு பொருளை அதன்மேல் ஏற்றியது வெஸ்ட்மின்ஸ்டரின் கற்ற துறவிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

3. கருங்கரையின் சான்று

இந்த வாதத்துக்கு மிகத் திடமான சான்று தளத்திலேயே இருக்கிறது. தளம் ஏறத்தாழ 7.58 மீட்டர் பக்கமுள்ள சதுரம். நடுவில் ஓனிக்ஸ் கல்லால் ஆன ஒரு வட்டப் பலகை. அதைச் சுற்றி வட்டங்கள், அந்த வட்டங்களைத் தழுவிச் செல்லும் பட்டைகள், வெளியே இன்னொரு சட்டம். பட்டைகளுக்கு இடைப்பட்ட பரப்பில் முக்கோணமாகவும் சதுரமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டிய சிறு துண்டுகள். ஊதா நிறப் போர்ஃபிரி, பச்சைப் போர்ஃபிரி, மஞ்சள் சுண்ணாம்புக் கல் ஆகியவற்றுக்கு இடையே சிவப்பு, நீலம், வெளிர்நீல வெள்ளை நிறங்களில் ஒளிபுகாக் கண்ணாடித் துண்டுகளும் உண்டு. எதிரெதிரே உள்ள இரண்டு வட்டங்கள் அளவில் ஒன்றுபோல இருக்கும்; உள்ளே நிரப்பிய கோலம் வேறு வேறு.

ஊதாப் போர்ஃபிரி எகிப்தின் கிழக்குப் பாலைவனக் குவாரிகளிலிருந்து பண்டைய ரோமப் பேரரசர்கள் வரவழைத்த கல். அந்தக் குவாரிகள் 5-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஓய்ந்துவிட்டன. பச்சைப் போர்ஃபிரி கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவை ஒட்டிய பகுதியிலிருந்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கைவினைஞருக்குப் புதுக் கல் கிடைக்க வழியே இல்லை. இடிந்த பழங்கட்டடங்களின் தூண்களைக் குறுக்கே அறுத்து வட்டப் பலகைகளாக்கினார்கள். வாசகம் ரோம் நகரத்தையே தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகச் சொல்வது இந்தப் பின்னணியில் பொருள் பொதிந்தது. பேரரசின் மிச்சத்தையே விலைகொடுத்து வாங்கி வந்திருக்கிறார்கள்.

இத்தாலியில் கோஸ்மாட்டித் தளங்களின் பட்டைகள் வெள்ளைப் பளிங்கால் ஆனவை. வண்ணத் துண்டுகள் வெண்மையின் நடுவே மின்னும். வெஸ்ட்மின்ஸ்டரில் அந்த இடத்தில் இருப்பது டார்செட் பகுதியின் பர்பெக் கல். நத்தை ஓடுகள் செறிந்த இந்தச் சுண்ணாம்புக் கல்லை மெருகேற்றினால் கருஞ்சாம்பலாக, ஏறக்குறையக் கறுப்பாக மாறும். இங்கிலாந்தின் கோதிக் ஆலயங்களில் மெல்லிய தூண்களுக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். அபேயின் தூண்களும் இதே கல். பட்டை கறுத்ததும் தளத்தின் ஒளியமைப்பே தலைகீழாகிவிட்டது. இத்தாலியில் இருள்நிறமாகத் தோன்றும் போர்ஃபிரி, இங்கே கருங்கரைக்குள் ஒளிர்கிறது.

ரோமிலிருந்து கனமான வெள்ளைப் பளிங்குப் பலகைகளைக் கப்பலேற்றுவது செலவு, அதனால் உள்ளூர்க் கல்லை வைத்தார்கள் என்று இதைச் சிக்கனமாக விளக்கலாம். அந்தக் காரணமும் உண்மையாகவே இருக்கும். ஆனால் செலவு மட்டுமே காரணமென்றால் இங்கிலாந்திலேயே கிடைத்த வெளிர்நிறக் கல்லைத் தேடியிருக்கலாம். பர்பெக்கைத் தேர்ந்ததால் தளம் மேலே எழும் தூண்களோடு ஒரே நிறக் குடும்பத்தில் சேர்ந்தது. பர்பெக்கை வெட்டவும் மெருகேற்றவும் தெரிந்தவர்கள் ஆங்கிலக் கல்தச்சர்கள். ஆகவே பட்டைகளையேனும் அவர்கள் வெட்டினார்கள், ரோமானியர்கள் துண்டுகளைப் பதித்தார்கள் என்று கொள்வதில் தடையில்லை. தளத்தில் எந்தச் சதுர அடியை எடுத்தாலும் இரு நாட்டுக் கைகளும் அடுத்தடுத்து வேலை செய்த தடம் தெரிகிறது. இதை வெறும் இறக்குமதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2008 முதல் 2010 வரை நடந்த பாதுகாப்புப் பணிக்குப் பிறகு இந்த நிற உறவு மீண்டும் துலங்கியது. அதற்கு முன் தளம் பல காலம் விரிப்புக்கு அடியில் கிடந்தது. 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிலும் அது மூடியே இருந்தது. 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டப்பட்டபோதுதான் நாற்காலியைத் திறந்த தளத்தின்மீதே வைத்தார்கள்.

4. பீட்டர் யார்? டொரெல் யார்?

உயர் பலிபீடத்துக்குப் பின்னால் புனித எட்வர்டின் திருமேடை இருக்கிறது. அதன் அடித்தளம் முழுதும் பர்பெக் கல். நோயாளிகள் மண்டியிட்டு வேண்டுவதற்கான மாடங்களை அதில் குடைந்திருக்கிறார்கள். மாடங்களின் வளைவு அப்பட்டமான கோதிக். அந்தப் பரப்பெங்கும் பள்ளம் வெட்டி கோஸ்மாட்டித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். ரோமானிய நுட்பம் ஆங்கில வடிவத்தின் தோலாகவே மாறியிருப்பதை இங்கே காணலாம். இத்தாலியில் இதற்கு நேரான இணை கிடையாது.

ரோமானியக் குடிமகன் பீட்டர் இந்த வேலையை முடித்தார் என்று மேடையின் வாசகம் கூறியது. எட்வர்டின் உடல் புதிய மேடைக்கு 1269 அக்டோபர் 13 அன்று மாற்றப்பட்டது. வாசகம் தரும் ஆண்டையோ ஆய்வாளர்கள் 1270 முதல் 1279 வரை பலவாறு வாசித்திருக்கிறார்கள். மடங்களைக் கலைத்த எட்டாம் ஹென்றியின் காலத்தில் மேடையைப் பிரித்ததும், மேரி அரசியின் காலத்தில் 1557-இல் துண்டுகளை மீண்டும் கூட்டி வேறொரு வாசகத்தை மேலே தீட்டியதும் இந்தக் குழப்பத்துக்குப் பெரும் காரணம்.

தளத்தின் ஒடோரிக்கஸும் மேடையின் பீட்டரும் ஒருவரா? இத்தாலியில் வித்தெர்போ நகரில் போப் நான்காம் கிளெமென்ட்டின் கல்லறையை அமைத்தவர் பியெத்ரோ டி ஒடெரிசியோ என்று பதிவு உண்டு. கிளெமென்ட் இறந்தது 1268 நவம்பரில். மூன்று பெயர்களையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும் ஆசை பலருக்கு உண்டு. தந்தை ஒடோரிக்கஸ், மகன் பீட்டர் என்று பிரிப்பவர்களும் உண்டு. கோஸ்மாட்டித் தொழில் குடும்பத் தொழில், ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பி வரும். ஆகவே ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்கள் என்ற அளவில் நின்றுகொள்வதே சான்றுக்கு நியாயம் செய்வதாகும்.

தனி ஆசிரியரைத் தேடும் இந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே இடத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மூன்றாம் ஹென்றியின் கல்லறைமேல் பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் அரசரின் உருவம் படுத்திருக்கிறது. 1291-இல் அதை வார்த்தவர் லண்டன் பொற்கொல்லர் வில்லியம் டொரெல். இத்தனை நேர்த்தியான வார்ப்பு ஓர் ஆங்கிலேயனுக்குக் கைகூடுமா என்ற ஐயத்தில் பழைய எழுத்தாளர் சிலர் அவரை டொரெல்லி என்ற இத்தாலியராக்கப் பார்த்தார்கள். பெயரைத் தவிர அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. வேலை நன்றாக இருந்தால் இத்தாலியர் செய்திருப்பார் என்ற முன்முடிவு ஆவணத்தையே வளைத்துப் படிக்க வைத்தது. கோஸ்மாட்டித் தளத்தைப் பற்றிய எழுத்திலும், சற்று மென்மையாக, இதே போக்கைக் காண்கிறேன்.

5. டோரிஜியானோவின் ஒப்பந்தங்கள்

டோரிஜியானோ (1472–1528) என்றதும் நினைவுக்கு வருவது இளம் மைக்கலாஞ்சலோவின் மூக்கை அவர் உடைத்த சம்பவம். அதை வசாரியும் சிற்பி செல்லினியும் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேயர்களைப் பற்றி அவர் இளக்காரமாகப் பேசியதும் செல்லினியின் தன்வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. முரட்டு நாட்டில் தனித்து நின்ற மேதை என்ற சித்திரம் இந்தக் கதைகளால் உருவானது. ஒப்பந்தங்களைப் புரட்டினால் அந்தச் சித்திரம் நிலைப்பதில்லை.

முதல் ஒப்பந்தம் 1511 நவம்பர் 23 அன்று கையெழுத்தானது. ஏழாம் ஹென்றியின் தாயார் மார்கரெட் போஃபோர்ட்டின் கல்லறைக்கானது. ஒப்பந்தம் செய்தவர்கள் பிஷப் ஜான் ஃபிஷர் உள்ளிட்ட மார்கரெட்டின் உயில் நிறைவேற்றுநர்கள். மார்கரெட் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கல்லறைக்கு மாதிரி தந்தவர் நெதர்லாந்துப் பகுதி ஓவியர் மேனார்ட் வீவிக். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் உள்ள மார்கரெட்டின் முழுவுருவ ஓவியமும் அவர் வரைந்ததே என்று 2019-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கல்லறை வாசகத்தை எழுதியவர் அறிஞர் எரேஸ்மஸ். பிறகு சுற்றி நின்ற இரும்புக் கிராதியைக் கார்னீலியஸ் சைமண்ட்சன் செய்தார். வாசகத்திலிருந்து கிராதிவரை எண்ணினால் ஒரே கல்லறையில் ஃப்ளோரன்ஸ், நெதர்லாந்து, இங்கிலாந்து மூன்றும் கலந்திருக்கின்றன.

மார்கரெட்டின் சிற்பத்தை அருகே பார்ப்போம். கறுப்புக் கல் பெட்டியின் மேல் பொன்முலாம் பூசிய வெண்கல உருவம். கைம்பெண் உடை, முகத்தைச் சுற்றி இறுகிய துணி. கன்னம் ஒட்டி, கண் இமை தளர்ந்து, முதுமை முகத்தில் படிந்திருக்கிறது. வணங்கி உயர்ந்த இரு கைகளும் உள்ளங்கை முழுதாக ஒட்டாமல் சிறு இடைவெளியோடு இருக்கின்றன. மெலிந்த விரல்களின் கணுக்களிலும் புறங்கை நரம்புகளிலும் தோலின் சுருக்கம் தெரிகிறது. இந்தக் கைகளைச் செய்த திறமை ஃப்ளோரன்ஸில் கற்றது, அதில் ஐயமில்லை. ஆனால் தலைக்கு மேலே இருப்பது கோதிக் விதானம். காலடியில் போஃபோர்ட் குடும்பச் சின்னமான யேல் என்னும் கற்பனை விலங்கு. கீழே பெட்டியின் பக்கங்களில் மறுமலர்ச்சிக்கால அரைத்தூண்களும் மலர்வளையத்துக்குள் கேடயங்களும் வருகின்றன. இந்தச் சேர்க்கையைச் சமரசம், பாணிக் குழப்பம் என்று குறைசொல்பவர்கள் உண்டு. படுத்திருக்கும் அரசகுல மூதாட்டி, விதானம், குலச்சின்னம் என்ற மரபைப் புரவலர்கள் கேட்டார்கள். கேட்டதற்குள்ளேயே டோரிஜியானோ கைகளுக்கும் முகத்துக்கும் முழு ஆற்றலைக் கொட்டினார். சட்டகம் தெளிவாக இருந்ததால்தான் அந்தக் கவனம் சாத்தியமானது என்றே நான் படிக்கிறேன்.

ஏழாம் ஹென்றி, யார்க் எலிசபெத் ஆகியோரின் கல்லறைக்கான ஒப்பந்தம் 1512 அக்டோபரில். தொகை 1,500 பவுண்டு. இதற்கும் ஒரு முன்கதை உண்டு. ஹென்றி உயிரோடிருந்தபோதே, 1506-ஐ ஒட்டி, மோதெனாவின் குய்தோ மட்சோனி ஒரு மாதிரியைத் தந்திருந்தார். அப்போது கேட்டு வாங்கிய மதிப்பீடுகளில் ஆங்கில வார்ப்பாளர்கள், செதுக்குநர்கள், கல்தச்சர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இத்தாலியர் ஒருவரின் மாதிரியையே வேண்டாமென்று தள்ளி வேறொருவரை அமர்த்தும் நிலையில் ஆங்கில அரசவை இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தருவதை வாங்கிக்கொள்ளும் பணிவு அதனிடம் இல்லை.

கல்லறையின் பக்கங்களில் மலர்வளைய வட்டங்களுக்குள் கன்னி மரியாவும் ஹென்றி வணங்கிய புனிதர்களும். மூலைகளில் அமர்ந்த தேவதூதர்கள். இத்தனையையும் சுற்றி நிற்கும் பெரிய வெண்கலக் கிராதி டோரிஜியானோ வருவதற்கு முன்பே தொடங்கப்பட்டது. தாமஸ் டச்மன் என்று ஆவணங்கள் அழைக்கும் ஒருவர் அதைச் செய்தார். அது முழுக்கக் கோதிக். அதில் இருந்த 32 சிலைகளில் 6 மட்டுமே இன்று மிஞ்சியுள்ளன. ஆக, மறுமலர்ச்சியின் காலடி என்று போற்றப்படும் கல்லறையைக் கோதிக் கிராதியின் இடைவெளிகள் வழியாகத்தான் பார்க்க முடியும். தொங்கு கூரையும் கோதிக்கே. கட்டடத்தை எழுப்பியவர்கள் இதை முரணாக நினைத்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

6. சட்டகம் உடைந்தபோது

எதிர்வாதம் ஒன்றைப் பார்க்க வேண்டும். இத்தனை நெருங்கிய கூட்டு வேலை என்றால் அது ஏன் இங்கிலாந்தில் வேர்விடவில்லை? கோஸ்மாட்டிப் பதிவேலை வெஸ்ட்மின்ஸ்டருக்கு வெளியே பரவவில்லை. டோரிஜியானோவும் 1519-ஐ ஒட்டி உதவியாளர்களைத் திரட்ட ஃப்ளோரன்ஸுக்கே போக வேண்டியிருந்தது. செல்லினி வர மறுத்துவிட்டார். அந்நிய நுட்பம் மண்ணில் ஒட்டவில்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள்.

நுட்பம் பரவாததற்குக் கைகளின் போதாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. கோஸ்மாட்டிக்குத் தேவை பண்டைய ரோமின் உடைந்த தூண்கள். அவை இங்கிலாந்தில் கிடைக்காது. வெண்கலக் கல்லறைக்குத் தேவை அரச கருவூலமும் நிலையான மடமும். 1530-களின் சமயப் பிளவோடு அந்த ஏற்பாடு சரிந்தது. சரிவின் விளைவை அடுத்து வந்த பெனெதெத்தோ தா ரொவெட்சானோவின் வேலைகளில் பார்க்கலாம். டோரிஜியானோ ஒப்புக்கொண்ட ஹென்றி தேவாலயப் பலிபீடத்தை அவர்தான் 1520-களில் முடித்தார். தூண்கள் தாங்கிய விதானமும் சுடுமண் தேவதூதர்களும் கொண்ட அந்தப் பலிபீடத்தின் அடியில் 1553-இல் ஆறாம் எட்வர்டை அடக்கம் செய்தார்கள். 1640-களில் நாடாளுமன்றத் தரப்பினர் அதை இடித்தார்கள். இன்று அங்கே நிற்பது எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து 20-ஆம் நூற்றாண்டில் அமைத்த மறுவடிவம்.

1524-இல் கார்டினல் வுல்சி தனக்கென்று பெனெதெத்தோவிடம் கேட்ட கல்லறையின் கதி இன்னும் தெளிவானது. 1529-இல் வுல்சி வீழ்ந்ததும் எட்டாம் ஹென்றி அதைத் தனக்கு எடுத்துக்கொண்டார், அவரும் முடிக்கவில்லை. கறுப்புக் கல் பெட்டி இப்போது செயின்ட் பால் பேராலய நிலவறையில் நெல்சனின் உடலைத் தாங்குகிறது. பெரிய வெண்கல மெழுகுவத்தித் தண்டுகள் கெண்ட் நகரின் செயின்ட் பாவோ பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நான்கு வெண்கலத் தேவதூதர்கள் யாருடையவை என்றே தெரியாமல் நெடுங்காலம் கிடந்து, 2015-இல் 50 லட்சம் பவுண்டுக்கு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமையாயின. அவற்றைச் செய்தவரின் கைத்திறன் டோரிஜியானோவுக்குக் குறைந்ததில்லை. கல்லறைக்கு இடம் கொடுத்து, பணம் கொடுத்து, கடைசிவரை நின்று முடிக்க வைக்கும் ஃபிஷரைப் போன்ற நிறைவேற்றுநர்கள் அவருக்கு வாய்க்கவில்லை.